நாளைக்கென வைத்த காசு

யாழ்ப்பாணத்தவர் சிக்கனக்காரர் என்ற பெயர் இலங்கை முழுவதிலும், கடல்கடந்து மலாயாவிலும் சிங்கப்பூரிலும், ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வழங்கிவருகின்றது. அதனைப் புகழ்ச்சியாகச் சொன்னவர்களும் உளர். ஏளனமாகச் சொன்னவர்களும் உளர். இன்று கையிலிருப்பதை இன்றே அனுபவித்துத் தீர்த்துவிடாமல், பின்னொரு நாள் வரப்போகும் பெரிய நன்மையைக் கருதி ஒதுக்கி வைக்கும் மனவுறுதி இம்மக்களுக்குப் பிறவியிலேயே வாய்த்த குணமா, வரண்ட நிலம் கற்பித்த பாடமா, அல்லது சட்டமும் சங்கமும் உறவுமுறையும் கூடிக் காலக்கிரமத்தில் உண்டாக்கிய வழக்கமா என்ற வினா, குடாநாட்டுக் குடும்பங்கள் பல கடன் தவணையில் அகப்பட்டுத் தவிக்கும் இக்காலத்தில், வெறும் சரித்திர ஆராய்ச்சியாக நின்றுவிடத்தக்கதன்று. வைத்த பொருள் வைத்தவனுக்கே திரும்பக் கிடைக்கும் என்ற நம்பிக்கை எங்கெங்கு நிலைத்ததோ அங்கங்கே பொறுமையும் நிலைத்தது, அந்த நம்பிக்கை எப்பொழுதெல்லாம் முறிந்ததோ அப்பொழுதெல்லாம் பொறுமையும் முறிந்தது என்பதே இவ்விஷயத்தில் என்னுடைய அபிப்பிராயம். அதற்கான ஆதாரங்களை இனி ஒவ்வொன்றாக நோக்குவோம்.

நிலத்தைக் காரணமாகக் கூறுவோர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுமில்லை. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழையே ஆண்டின் பெரும்பங்கு மழை. அது சுண்ணக்கல்லின் வெடிப்புக்களூடாக இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் நன்னீராக மிதந்து நிற்கின்றது. துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில் ஒருவன் ஒரு நாளில் இறைக்கக்கூடிய நீருக்குத் தேகபலமே எல்லை வகுத்தது. மண்ணெண்ணெய் இயந்திரங்கள் வந்தபின் அவ்வெல்லை அகன்றது. மிதமிஞ்சி இறைத்த இடங்களில் அடியிலிருந்த உவர் மேலேறிக் கிணறுகள் கெட்டன. மாரியில் வைப்பிலிட்டுக் கோடையில் அளவறிந்து எடுக்கும் கணக்குப் புத்தகம் போன்றது அக்கிணறு. வட்டியை விட்டு முதலில் கைவைத்தவனுக்கு அது உப்பையே கொடுத்தது. ஆயினும் வரட்சி மட்டுமே சிக்கனத்தைப் பெற்றுவிடும் என்று கொள்ளுதல் பொருந்தாது. வரண்ட பிரதேசங்கள் உலகில் எத்தனையோ உள. அவை யாவும் சேமிப்புக்குப் பெயர் பெற்றவையல்ல.

நிலத்தைவிடப் பனை சொல்லும் செய்தி நுட்பமானது. நாட்டிய பனை காய்க்கப் பதினைந்து, இருபது ஆண்டுகள் செல்லும்; பூக்கும் வரையில் அது ஆணா பெண்ணா என்பதும் தெரியாது. பனங்கொட்டை புதைக்கும் முதியவர் அம்மரத்தின் நுங்கைத் தாம் உண்போம் என்று எண்ணுவதில்லை. வளர்ந்த மரத்தின் பயனைக் கொள்வதிலும் அதே பொறுமை வேண்டியிருந்தது. ஆவணி புரட்டாதியில் பழம் விழும். விழுந்ததைச் சுட்டுத் தின்பது ஒருவகை. பழத்தைத் தோலுரித்து, சிறிது தண்ணீர் விட்டுப் பிசைந்து, தும்பு நீக்கிக் களியை வடித்து, பாயில் மெல்லியதாக வார்த்து, வெயிலில் காயவைத்து, காய்ந்த படையின்மேல் மறுநாளும் அதற்கு மறுநாளும் களி வார்த்துப் பனாட்டு ஆக்கிப் பெட்டியில் அடுக்குவது மற்றொரு வகை. பிசைந்து கழித்த கொட்டைகளும் வீணாவதில்லை. மழைக்கு முன் அவற்றைப் பாத்தியில் அடுக்கி மண் மூடினால் மாரி கழியுங் காலத்தில் கிழங்கு கிண்டலாம். அக்கிழங்கையும் ஒரேயடியாக அவித்துத் தின்றுவிடாமல், ஒரு பங்கைப் பச்சையாகப் பிளந்து உலர்த்தி ஒடியலாகவும், ஒரு பங்கை அவித்து உலர்த்திப் புழுக்கொடியலாகவும் ஆக்கிவைத்தால், அடுத்த பஞ்ச மாதத்தில் கூழுக்கும் மாவுக்கும் குறைவில்லை. ஒரே பழத்தை ஆண்டு முழுவதற்கும் பகிர்ந்து வைக்கும் இந்த வித்தையைச் செய்துவந்தவர்கள் வீட்டுப் பெண்கள். யாழ்ப்பாணத்துச் சேமிப்பின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் உத்தியோகம் பார்த்த ஆண்களின் சம்பளத்திலிருந்து தொடங்குவது வழக்கமாகிவிட்டது. பனாட்டுப் பாயிலிருந்து தொடங்குவதே நியாயம்.

இனிச் சட்டத்தைக் கவனிப்போம். ஒல்லாந்தர் ஆட்சியில், யாழ்ப்பாணத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து இவ்வூர் வழக்கங்களை நன்கறிந்த திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர், 1707இல் அவற்றைத் தொகுத்து எழுதினார். அத்தொகுப்புத் தமிழில் பெயர்க்கப்பட்டுப் பன்னிரண்டு முதலிமாரின் பரிசோதனைக்கு விடப்பட்டது. பின்னர் 1806இல் ஆங்கிலேயர் அதற்குச் சட்டவலு அளித்தனர். தேசவழமை எனப்படும் அச்சட்டம், ஒரு குடும்பத்தின் பொருளை, முன்னோரிடமிருந்து வந்த முதுசம், பெண்ணுக்குக் கொடுத்த சீதனம், கணவனும் மனைவியும் கூடிவாழ்ந்த காலத்தில் ஈட்டிய தேடியதேட்டம் என மூன்றாக வகுத்தது. ஒற்றி வைத்த காணியின் விளைவை வட்டிக்கு ஈடாகக் கடன் கொடுத்தவன் அனுபவிப்பதும், முதலைக் கொடுத்துச் சொந்தக்காரன் காணியை மீட்பதும், நகை ஈடு வைப்பதும், நெல் கடன் கொள்வதும் அதில் இடம்பெற்றன. இந்த ஏற்பாட்டின் பெருமை எதுவெனில், சேமித்த பொருள் யாருடையது என்ற கேள்விக்கு முன்கூட்டியே விடை இருந்ததாகும். தேடியதேட்டத்தில் மனைவிக்கும் உரித்து உண்டு என்று வழக்கம் ஒப்புக்கொண்டபடியால், அவள் மிச்சம் பிடித்த ஒவ்வொரு சதமும் கணவனுடைய தயவில் தங்கியிராமல் அவளுடைய தேட்டத்தில் ஒரு பகுதியாயிற்று. வைத்தது வைத்தவருக்கே என்று சட்டம் சொல்லுமிடத்தில் வைப்பதற்கு மனம் வருகின்றது.

இது யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரிய உண்மையன்று. காத்திருத்தலைப் பற்றி உலகிற் பெயர்பெற்ற பரிசோதனை, அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஒரு மழலைப் பள்ளியில், 1960களின் பிற்பகுதியில் நடைபெற்றது. உளவியலாளர் வால்ட்டர் மிஷெல் ஒரு சிறு பிள்ளையின் முன் ஒரு மிட்டாயை வைத்து, சற்றுநேரம் தின்னாமல் பொறுத்திருந்தால் இரண்டு தருவதாகச் சொல்லிவிட்டு வெளியே செல்வார். பொறுத்த பிள்ளைகள் பின்னாளில் படிப்பிலும் பிறவற்றிலும் முன்னின்றனர் என்ற செய்தி உலகெங்கும் பரவி, புலனடக்கமே வெற்றிக்குத் திறவுகோல் என்ற போதனையாக மாறிவிட்டது. ஆனால், 2018இல் டைலர் வாட்ஸ் முதலியோர் 900க்கு மேற்பட்ட பிள்ளைகளைக் கொண்டு மறுபடி ஆராய்ந்தபொழுது, குடும்ப வசதியையும் வீட்டுச் சூழலையும் கணக்கில் சேர்த்தவுடன் அத்தொடர்பு பெரிதும் தேய்ந்துவிட்டது. அதற்கு முன்னரே 2013இல், ரொச்செஸ்டர் சர்வகலாசாலையில் செலெஸ்ட் கிட் என்பவர் 28 பிள்ளைகளை இரு கூறாக்கி, ஒரு கூறுக்கு வாக்களித்த வர்ணக்கோல்களைக் கொண்டுவந்து கொடுத்தும், மறு கூறுக்கு வாக்களித்துவிட்டு வெறுங்கையுடன் திரும்பி வந்தும், அதன்பின் மிட்டாய்ப் பரிசோதனையை நடத்தினார். வாக்குக் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாகப் பன்னிரண்டு நிமிஷம் பொறுத்தனர். ஏமாற்றப்பட்டவர்கள் சராசரியாக மூன்று நிமிஷமே பொறுத்தனர். மிஷெல் தாமே, ஸ்டான்போர்டுக்குப் போகுமுன், 1950களில் திரினிதாத் தீவில் இதே விஷயத்தை ஆராய்ந்தவர். தந்தையற்ற வீட்டுப் பிள்ளைகள் ஒரு வாரம் கழித்துக் கிடைக்கும் பெரிய மிட்டாயை விட்டுக் கையிலுள்ள சிறியதையே பெரும்பாலும் தெரிந்தெடுத்தனர் என்று அங்கு அவர் கண்டார். வந்துபோகும் ஓர் அந்நியனின் சொல்லை நம்பாத பிள்ளையை அவசரக்காரன் என்று பழிப்பது எவ்வாறு நியாயமாகும்? அப்பிள்ளை தன் அனுபவத்தைக் கொண்டு சரியாகவே கணக்கிட்டிருக்கின்றது.

இக்கண் கொண்டு பார்த்தால் யாழ்ப்பாணத்தின் கடந்த இருநூறு ஆண்டுச் சரித்திரம் புதிதாகத் துலங்கும். அமெரிக்க மிஷனரிமார் 1816இல் வந்து, வட்டுக்கோட்டைச் செமினரியை 1823இலும், உடுவில் பெண்பாடசாலையை 1824இலும் தொடங்கினர். ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். கல்வி, உத்தியோகம், பென்சன் என்ற மூன்றும் ஒரே கயிறாகத் திரிக்கப்பட்டன. ஒரு மகனைப் படிப்பிப்பதற்காகத் தோட்டத்தை ஈடு வைத்து, ஏனையோர் கூழ் குடித்து, அவன் மலாயா றெயில்வேயிலோ கொழும்புக் கந்தோரிலோ அமரும்வரை குடும்பம் முழுவதும் காத்திருந்தது. இப்பொறுமைக்கு அடிப்படை எது? பரீட்சையிற் சித்தியெய்தினவனுக்கு உத்தியோகம் உண்டு, உத்தியோகத்தில் இருந்தவனுக்குப் பென்சன் உண்டு, மாதந்தோறும் தபாற்கந்தோருக்குக் காசுக்கட்டளை தவறாது வந்துசேரும் என்ற அனுபவமே. காசுக்கட்டளையை நம்பியே குடாநாட்டுக் கல்வீடுகள் பல எழுந்தன. கோயில் மதில்களும் பாடசாலைக் கட்டடங்களும் எழுந்தன. மலாயாவில் அமர்ந்தவர்கள் கோலாலம்பூரிலும் தமக்கெனக் கூட்டுறவுச் சங்கம் அமைத்துச் சேமித்தனர். 1942இல் யப்பானியர் மலாயாவைக் கைப்பற்றியபொழுது காசுக்கட்டளைகள் நின்றுபோயின. ஒரே வருவாயை மாத்திரம் நம்பியிருந்த வீடுகள் அடைவு கடையை நாடவேண்டியதாயிற்று. தோட்டமும் பனையும் கைவிடாது வைத்திருந்த வீடுகள் அக்காலத்தைத் தாண்டின.

உத்தியோகம் பெறாத பெரும்பான்மையோர் என் செய்தனர் என்பதே இன்னும் முக்கியமான விஷயம். புகையிலைத் தோட்டக்காரன் நாற்று நடும் காலந்தொட்டு விலை கிடைக்குமட்டும் மாதக்கணக்காகக் கையில் காசின்றி இருப்பவன். எருவுக்கும் கூலிக்கும் வியாபாரியிடமோ வட்டிக்காரனிடமோ கைநீட்டினால் விளைவின் பெரும்பகுதி அறுவடைக்கு முன்னரே பிறனுடையதாகிவிடும். 1911ஆம் ஆண்டுக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் இதற்கொரு வழி திறந்தது. ஜெர்மனியில் ரைப்பைசன் என்பவர் 1860களில் வகுத்த முறையைப் பின்பற்றிய அச்சங்கங்களில், அங்கத்தவர் ஒவ்வொருவரும் சங்கத்தின் கடன் முழுவதுக்கும் எல்லையின்றிப் பொறுப்பாளி. ஒருவன் கடனை ஏமாற்றினால் அயலவன் காணிக்கு ஆபத்து. ஆகவே, கடன் கேட்பவன் அதை விதைக்கா கொண்டாட்டத்துக்கா கேட்கிறான் என்பதை ஊரே விசாரித்தது. வெளியூர் வங்கி முகாமையாளருக்குத் தெரியாதது, ஒரே ஒழுங்கையில் குடியிருப்பவனுக்குத் தெரியும். 1929இல் யாழ்ப்பாணத்தில் மத்திய கூட்டுறவு வங்கி அமைந்தபின், கிராமச் சங்கங்களின் சிறுசிறு வைப்புக்கள் ஒருங்கு சேர்ந்து, பணம் மிகுந்த ஊரிலிருந்து பணம் வேண்டிய ஊருக்குப் பாயலாயின. மூளாயில் கூட்டுறவு வைத்தியசாலை ஒன்று எழுந்ததும், புகையிலையை மலையாளத்துக்கு விற்கச் சங்கம் அமைந்ததும் அம்முயற்சியின் கிளைகளே. யாழ்ப்பாண நகரில் வீரசிங்கம் மண்டபத்தைக் கடந்து செல்லும் இளைஞருள் எத்தனை பேர் அது ஒரு கூட்டுறவாளரின் பெயரால் நிற்கின்றதென்று அறிவர் என்ற கேள்வி எனக்கு உண்டு. பிரசங்கத்தால் சிக்கனத்தை வளர்க்க முயன்றோரைவிட, ஐந்து ரூபா வைப்புக்கும் துண்டு எழுதிக்கொடுத்த அச்சங்கச் செயலாளர்கள் அதிகம் சாதித்தனர் என்பது என் துணிபு.

சட்டப் புத்தகத்துக்கு வெளியே நின்று அதே வேலையைச் செய்தது சீட்டு. இதனை எண்களாற் காட்டினாலன்றி இதன் நுட்பம் விளங்காது. இருபது பேர் கூடி மாதம் ஐயாயிரம் ரூபா வீதம் கட்டினால் மாதந்தோறும் ஓர் இலட்சம் சேரும். முதல் மாதத்தில் மகளின் கலியாணத்துக்கு அவசரமாகக் காசு வேண்டிய ஒருவர் இருபதாயிரம் கழிவு கூறுகிறார் எனக் கொள்வோம். அவர் கைக்கு எண்பதாயிரம் வரும். கழிந்த இருபதாயிரம் இருபது பேருக்கும் ஆயிரம் வீதம் பங்காக, அம்மாதம் ஒவ்வொருவரும் நாலாயிரமே கட்டுவர். மாதங்கள் செல்லச் செல்ல அவசரக்காரர் தொகை குறையும், கழிவும் குறையும். இருபதாம் மாதத்தில் கடைசியாக எடுப்பவருக்கு ஓர் இலட்சமும் முழுதாகக் கிடைக்கும். அவர் கட்டிய மொத்தமோ ஓர் இலட்சத்திற் குறைவு. அவசரத்தின் விலை இன்னது, பொறுமையின் ஊதியம் இன்னது என்று மாதந்தோறும் பகிரங்கமாக ஏலமிட்டு அறிவிக்கும் இவ்வேற்பாட்டைப் பள்ளிக்கூடக் கணிதத்திற் சேர்த்தால் பிள்ளைகள் வட்டியின் தத்துவத்தை ஒரே பாடத்திற் கிரகித்துக்கொள்வர். கடைசிவரை பொறுப்பவரின் இலாபம் முழுவதும் சீட்டுப் பிடிப்பவரின் நாணயத்தில் தொங்குகின்றது; அவர் இடையில் ஊரைவிட்டு ஓடினால், பொறுத்தவரே முதலில் அழிபவர். எடுத்த சீட்டுக்குத் தொடர்ந்து கட்டுவோரின் நேர்மையும் அத்தகையதே. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இன்றும் யாழ்ப்பாணத்தவரிடையே சீட்டு நடக்கின்றது. அங்கே தேசம் மாறியதேயன்றி, முகம் தெரிந்தவரை நம்பும் முறை மாறவில்லை.

இவ்வளவும் சொன்னபின், இச்சிக்கனத்தின் மறுபக்கத்தையும் மறைக்காமற் சொல்லுதல் கடமை. முதலாவது, வைப்பதற்கு ஏதாவது இருந்தவர்களே வைத்தனர். காணியில்லாத கூலியாட்களும், மரமேறும் தொழிலாளரும், பல தலைமுறைகளாக அன்றன்றைய கூலியை அன்றன்று உண்டு வாழவேண்டியவர்களாகவே வைக்கப்பட்டிருந்தனர். கோயில் வாயிலும் பொதுக் கிணறும் அவர்களுக்கு அடைக்கப்பட்டிருந்த சமூகத்தில், சங்கத்தின் கதவு மட்டும் எவ்வாறு அகலத் திறந்திருக்கும்? 1970களின் முற்பகுதியில் பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைந்து, தவறணை குத்தகைக்காரரிடமிருந்து சீவல் தொழிலாளரின் சங்கங்களுக்கு மாறியபொழுதே அவர்களுடைய உழைப்பின் ஊதியம் அவர்களுடைய கணக்கில் ஏறத் தொடங்கியது. அதுவரை அவர்களை ஊதாரிகள் என்று பழித்தவர்கள், அவர்களுக்கு ஒரு கணக்குப் புத்தகம் கிடைக்க வழி செய்தவர்களல்லர். இரண்டாவது, குடும்பத்தின் சேமிப்பில் பெரும்பகுதி சீதனமாகச் சென்றது. தாயும் தகப்பனும் முப்பது ஆண்டு வயிற்றைக் கட்டிச் சேர்த்த காணியும் நகையும், ஒரு நாட் பேச்சுவார்த்தையில், மாப்பிள்ளையின் உத்தியோகத்துக்கு விலையாகக் கைமாறின. பெண்ணுக்குச் சொந்தப் பொருள் வேண்டும் என்ற பழைய வழமையின் நோக்கம் நல்லதே. அது பேரமாகி, பெண்மக்களைப் பெற்ற வீட்டைக் கடனில் ஆழ்த்திய பிற்கால நடைமுறையைச் சிக்கனம் என்று எவ்வாறு போற்றுவது? அயலவர் கண்ணுக்காகச் சேர்த்து அயலவர் கண்முன்னே செலவிடுவதில் பொறுமை உண்டு; விவேகம் இல்லை.

1970இன் பின்னர் அரசாங்கம் இறக்குமதியை மட்டுப்படுத்தியபொழுது, மிளகாயும் வெங்காயமும் விளைவித்த யாழ்ப்பாணத் தோட்டக்காரர் என்றுமில்லாத ஐசுவரியம் கண்டனர். இயந்திரமும் உழவு வண்டியும் வாங்கினர்; வீடு கட்டினர்; பிள்ளைகளை மேற்படிப்புக்கு அனுப்பினர். 1977இல் ஆட்சி மாறி இறக்குமதிக் கதவு திறந்தவுடன் விலை விழுந்தது. அந்த ஏழாண்டு வருவாய் நிரந்தரம் என்று நம்பிக் கடன்பட்டவர்கள் நலிந்தனர். நல்ல ஆண்டின் வருமானத்தைக் கொண்டு வாழ்க்கைத் தரத்தை நிர்ணயிக்காமல், கெட்ட ஆண்டின் வருமானத்தைக் கொண்டு நிர்ணயித்தவர்கள் தப்பினர். இவ்விதி தோட்டத்துக்கு மாத்திரமன்று. இன்று வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பும் காசை நம்பிச் செலவைப் பெருக்கும் வீட்டுக்கும் பொருந்தும்.

பின் வந்தது யுத்தம். அதன் அழிவுகளைப் பற்றி இங்கே விரித்துரைக்க வேண்டுவதில்லை. சேமிப்பைப் பொறுத்தவரை அது கற்பித்தது ஒன்று. 1995 ஐப்பசியின் நடுப்பகுதியில், ஒக்தோபர் 30ஆம் திகதி, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் மழையில் நடந்து தென்மராட்சிக்குப் பெயர்ந்தபொழுது, வீட்டைத் தூக்கிச்செல்ல இயலவில்லை. காணியைத் தூக்கிச்செல்ல இயலவில்லை. கொம்பறை நெல்லும் கிடங்கு வெங்காயமும் விட்ட இடத்திலேயே கிடந்தன. கழுத்திலும் மடியிலும் கொண்டுசெல்லக்கூடிய நகையும், காணி உறுதியும், பிள்ளைகளின் சான்றிதழ்களும் மாத்திரமே கூட வந்தன. பொன்னில் காசை முடக்குவது பொருளாதார விவேகமன்று என்று போதிக்கும் நிபுணர்கள், இவ்வனுபவத்தைப் பெற்ற ஒரு தாயின் முன்னிலையில் தம் வாதத்தை மறுபடி யோசித்துப் பார்க்கவேண்டும். பொன் வட்டி ஈட்டுவதில்லை, செய்கூலியும் சேதாரமும் நட்டமே, கள்வர் பயமும் உண்டு. இருந்தும், எந்த அரசாங்கத்தின் வாக்கிலும் தங்கியிராத ஒரு பொருள் அது. அவள் பொன்னை வாங்குவது அறியாமையால் அன்று.

2009இன் பின், அடைபட்டிருந்த பாதை திறந்து, வங்கிகளும் லீசிங் கம்பனிகளும் நுண்கடன் நிறுவனங்களும் வடக்கிற் பெருவாரியாகக் கிளைவிட்டன. இருபது ஆண்டுகளாக ஒன்றும் வாங்கமுடியாதிருந்த மக்களின் முன், மோட்டார் சைக்கிளும் தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியும், கையொப்பம் ஒன்றே விலையாக, ஒரே நாளில் வந்து நின்றன. யுத்தத்தில் கணவனை இழந்து குடும்பத்தைத் தனியே சுமந்த பெண்களைக் குழுவாகச் சேர்த்து, ஒருவருக்கு மற்றவர் பிணை என்று எழுதி வாங்கிக் கொடுத்த நுண்கடன், வெளித்தோற்றத்தில் பழைய கிராமச் சங்கத்தையே ஒத்திருந்தது. உள்ளே இருந்த பேதம் பெரிது. சங்கத்தில் வட்டி அங்கத்தவருக்கே திரும்பிவந்தது. இங்கே அது வெளியே சென்றது. சங்கத்தில் கடன் எதற்கென்று கேட்கப்பட்டது. இங்கே கிழமைத் தவணை என்றைக்கு என்பது மாத்திரமே கேட்கப்பட்டது. ஒரு கடனை அடைக்க மற்றொரு கடன், அதை அடைக்க இன்னொன்று என்று பல நிறுவனங்களிற் சிக்கிய பெண்கள், தவணை அறவிடுவோர் வரும் நாளில் வீட்டைப் பூட்டிவிட்டு ஒளியவேண்டிய நிலை எய்தினர். 2018இல் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் நிபுணர் குவான் பாப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி, சில நுண்கடன்களின் வட்டி 220 சதவீதம்வரை சென்றதைத் தம் அறிக்கையிற் குறித்தார். அவ்வாண்டிலேயே அரசாங்கம், வரட்சியாற் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு நிவாரணம் அறிவித்தது. இப்பெண்களுக்குச் சிக்கன போதனை செய்யச் சென்றவர்களை நான் மதிக்கிறேன். ஆனால், பத்துக் குடும்பத்தின் பசியைப் பனையோலைப் பெட்டியில் அடக்கிவைத்த பரம்பரையின் பேத்திகளுக்குக் குறைந்தது போதனை அன்று, நியாயமான வட்டிக்குக் கடன் தரும் ஒரு வாசல்.

2022ஆம் ஆண்டோ வைத்தவரையே தண்டித்த ஆண்டு. 2021இன் முடிவில் நிலையான வைப்புக்களுக்கு வங்கிகள் கொடுத்த சராசரி வட்டி ஆறு சதவீதத்துக்கு அண்மையது. டொலர் ஒன்றுக்கு 200 ரூபா அளவில் நின்ற நாணயம் 2022 வைகாசியில் 360ஐத் தொட்டது. புரட்டாதியிற் பணவீக்கம் 69.8 சதவீதமாக ஏறியது. ஒருவர் ஓர் இலட்சத்தை வைப்பிலிட்டு ஆண்டு முடிவில் ஓர் இலட்சத்து ஆறாயிரமாக எடுத்தாலும், பண்டங்களின் விலை நூற்றுக்கு நூற்றெழுபதாக நின்றபடியால், அத்தொகையால் வாங்கக்கூடியது முந்திய ஆண்டின் ஏறக்குறைய 62,000 ரூபாவின் பண்டமே. பென்சனில் வாழும் ஆசிரியை, வெளிநாடு போகாது ஊரில் உழைத்துச் சேமித்த மேசன், மகளின் படிப்புக்கென வைத்த கடைக்காரர் ஆகிய இவர்களெல்லாம் ஆசையை அடக்கியவர்கள், அடக்கியதாலேயே இழந்தவர்கள். ரொச்செஸ்டரில் வர்ணக்கோல் வராமற் போன பிள்ளைகளின் நிலை இவர்களுக்கு நேர்ந்தது. இதற்குப் பின்னரும் குடாநாட்டு இளைஞன் கிடைத்த சம்பளத்தை உடனே கைத்தொலைபேசியாக்குகிறான் என்று முதியவர்கள் வருந்தினால், அவன் கண்ட காலத்தையும் அவர்கள் எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

அதனால், சேமிப்பு வீண் என்ற முடிவுக்கு வந்துவிடலாகாது. அதே 2022இல் மூன்று மாதச் செலவுக்குக் கையில் வைத்திருந்த வீடு அடைவு கடைக்குப் போகவில்லை. இல்லாத வீடு தாலிக்கொடியையும் வைத்தது. இழப்புக்கு உள்ளான சேமிப்பும் கடனைவிட மேலானதாகவே நின்றது. பழைய வீடுகளின் நடைமுறையை நோக்கினால், அவை ஒரே இடத்தில் எல்லாவற்றையும் வைக்கவில்லை என்பது புலப்படும்: சிறிது நெல்லாக, சிறிது பொன்னாக, சிறிது தபாற்கந்தோர்ப் புத்தகத்தில், சிறிது சீட்டில், பெரும்பகுதி பிள்ளையின் படிப்பில். வட்டிவீதத்தைப் பற்றிய ஞானம் அவர்களுக்கு எவ்வளவு இருந்ததோ அறியேன். ஒரு வாசல் அடைபட்டால் இன்னொரு வாசல் வேண்டும் என்ற ஞானம் நிறைய இருந்தது. கடன் வாங்குவதிலும் அவர்கள் ஒரு பிரமாணம் வைத்திருந்தனர்: விளைவு தருவதற்குக் கடன்படலாம், ஒரு நாட் காட்சிக்குக் கடன்படலாகாது. இன்று பூப்புனித நீராட்டு விழாவுக்கும் பிறந்தநாளுக்கும் மண்டபமும் படப்பிடிப்பும் ஒழுங்கு செய்ய வட்டிக்கு வாங்குவோர் மீறுவது இப்பிரமாணத்தையே. இதனை நான் காலமாற்றம் என்று சொல்லிப் பொறுத்துக்கொள்ள மாட்டேன்.

செய்யவேண்டியவற்றுள் முதன்மையானது, வைப்பவரின் நம்பிக்கைக்கு அத்திவாரம் இடுவது. 2010இல் தொடங்கிய வைப்புக் காப்புறுதித் திட்டத்தின்கீழ், அனுமதி பெற்ற வங்கியோ நிதிக் கம்பனியோ முறிந்தால், வைப்பாளர் ஒருவருக்கு இப்போது 11 இலட்சம் ரூபாவரை ஈடு கிடைக்கும். இது கிராமத்தில் பலருக்குத் தெரியாது, தமிழில் எடுத்துச் சொல்லப்படுவதும் குறைவு. சிக்கனக் கடன் கூட்டுறவுச் சங்கங்களும் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களின் கிராமிய வங்கிகளும் இத்திட்டத்துக்குள் வருவனவல்ல. குடாநாட்டின் மிகச் சிறிய வைப்புக்கள் பலவும், கிழமைக்கு நூறு ரூபாவாகச் சேர்பவை, இச்சங்கங்களிலேயே இருக்கின்றன. அவற்றின் கணக்குப் பரிசோதனை ஆண்டு தவறாமல் நடந்து, அறவிடமுடியாத கடன் எவ்வளவு என்பது ஒளிக்கப்படாமல் பொதுக்கூட்டத்தில் வாசிக்கப்பட்டு, கேள்வி கேட்க எழும் அங்கத்தவரை, அவர் மரமேறும் தொழிலாளியாயினும் முதிய விதவையாயினும், அமரச் சொல்லாது விடையிறுக்கும் நிர்வாகம் எந்த ஊரில் இருக்கின்றதோ, அவ்வூரில் வைப்புத்தொகை ஏறுகின்றதா என்பதைக் கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்களம் ஊர்வாரியாகக் கணக்கெடுத்து வெளியிடுமாயின், இக்கட்டுரையிற் கூறிய அபிப்பிராயம் சரியா பிழையா என்பதை எவரும் சோதித்துப் பார்க்கலாம்.